அலுமாரி வாங்க முதல் பழைய பேப்பரை எடுங்கள்

மட்டக்களப்பில் கடலோரக் கல்லடிப் பக்கம் புது வீட்டுக்குக் குடிபோகிறீர்களா? தளபாடம் வாங்க முதல் ஒரு அளவுநாடாவும் பழைய பத்திரிகைகளும் எடுத்துக்கொண்டு வெறும் வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். கட்டில், அலுமாரி, மேசை ஒவ்வொன்றின் நீள அகலத்துக்கும் பேப்பரை ஒட்டி நிலத்தில் விரியுங்கள். 6 அடிக்கு 5 அடிக் கட்டில் கடையில் சின்னதாகத்தான் தெரியும். அறைக்குள் விரித்தால்தான் அலுமாரிக் கதவு அதில் இடிக்கும் என்பது புரியும். நடக்க 2 அடியாவது மிஞ்ச வேண்டும். எந்த பிளக் பொயின்ற் எதற்குப் பின்னால் மறைகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். வாசல் நிலையின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். (நாங்கள் மறந்தோம். அலுமாரி இரண்டு நாள் விறாந்தையில் நின்றது.)

அப்புறம், கடலுக்குக் கிட்ட என்றால் உப்புக்காற்று இரும்பு அலுமாரியைச் சும்மா விடாது, மரம்தான் சரி. அதையும் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். மாரியில் சுவர் ஈரம் ஊறிப் பின்பலகையில் பூஞ்சணம் பிடிக்கும். நாலு விரல் இடைவெளி போதும். வெள்ளம் ஏறும் பள்ளக்காணி என்றால் பிரிட்ஜைக் கல் வைத்து உயர்த்துங்கள். கார்த்திகை, மார்கழியில் சாமான் ஏற்றுவதென்றால் லொறிக்குப் படங்கு கட்டாயம்.