கதையின் முதல் வரி: சுருக்கவும் வேண்டும், குரலும் நிற்க வேண்டும்

ஒரே ஒரு முதல் வரியை எடுத்துத் திருத்திப் பழகுவோம். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் விளைவிக்கும் குடும்பம். விலை ஏறட்டும் என்று மூட்டைகளை வருடக்கணக்கில் இருப்பு வைப்பவர்கள் அங்கே உண்டு. தாத்தா அவற்றை விற்க முடிவெடுக்கும் நாளில் கதை தொடங்குகிறது.

முதலில், மனதில் வருவதைத் தடுக்காமல் எழுதுங்கள். பெரும்பாலும் இப்படி வரும்:

“கொங்கு நாட்டின் பசுமையான வயல்களுக்கு நடுவே, காலைச் சூரியனின் பொன்னிறக் கதிர்கள் மெல்லப் பரவிக்கொண்டிருந்த அந்த அழகிய வேளையில், என் தாத்தா மிகுந்த மனவேதனையோடு தன்னுடைய மஞ்சள் மூட்டைகளை விற்பதற்காக ஈரோட்டு மண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.”

25 சொற்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால் முன்னால் எவ்வளவு அடைத்தாலும் வாக்கியம் தாங்கும். வாசகர்தான் யார், என்ன செய்தார் என்று தெரியாமல் காத்துக் கிடக்க வேண்டும்.

அடுத்து வெட்டுங்கள். பசுமையான, பொன்னிற, அழகிய: எந்த ஊர் வயலுக்கும் பொருந்துபவை, போகட்டும். மனவேதனையை வாசகர் தானாக உணர வேண்டும், நாம் அறிவிக்கக் கூடாது. ‘தன்னுடைய’ தேவையே இல்லை.

“தாத்தா மஞ்சள் விற்க ஈரோட்டுக்குக் கிளம்பினார்.”

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இது போதவில்லை. பிழை இல்லைதான், ஆனால் சொல்கிறவர் யாரென்று தெரியவில்லை.

ஆகவே மூன்றாவது வேலை, அந்த ஆளைத் திரும்பக் கூட்டிவருவது:

“அப்பாரு மூணு வருசமா விக்காம வெச்சிருந்த மஞ்சளை அன்னிக்கு வண்டியேத்தச் சொல்லிப்போட்டாரு.”

ஒன்பதே சொல். அப்பாவின் அப்பா கொங்கில் அப்பாரு, அம்மாவின் அப்பா அப்புச்சி. எந்தச் சீமை, எந்த வழி உறவு என்று ‘தாத்தா’ சொல்லாததை இந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. மனவேதனை இருந்த இடத்தில் இப்போது மூணு வருசம் உட்கார்ந்திருக்கிறது.

இனி வினைமுடிவைப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ‘சொல்லிப்போட்டாருங்க’ என்றால் எதிரே மரியாதைக்குரிய ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார். ‘சொல்லிப்போட்டாராம்’ என்றால் கதைசொல்லி அங்கே இல்லை, பிறர் சொல்லக் கேட்டிருக்கிறார். ஒரு விகுதி கூடியதும் அவர் நிற்கும் இடமே மாறிவிடுகிறது. குரலுக்காகப் பெயரடையைத் தேடும் முன் இங்கே கை வையுங்கள். முழு வாக்கியத்தையும் எழுத்து நடைக்கு மாற்றினாலும் ‘அப்பாரு’வும் ‘மூன்று வருட’மும் உடன் வரும், ஆனால் ‘போட்டாரு’ போய்விடும். அதை இழக்கலாமா என்பதை உங்கள் கதைதான் சொல்ல வேண்டும்.

வட்டாரப் பேச்சுக்குத் தயங்க வேண்டாம். ஆர். சண்முகசுந்தரம் 1942-லேயே ‘நாகம்மாள்’ நாவலில் கொங்குப் பேச்சைக் கொண்டுவந்துவிட்டார். அளவு மட்டும் முக்கியம். இட்டேரி எனக்கு உயிரான சொல். இருபுறமும் வேலி நிற்க நடுவே போகும் தடம் அது. ஆனாலும் அதையும் ஒறம்பரையையும் (உறவினர்) தொண்டுப்பட்டியையும் (மாடு அடைக்கும் இடம்) ஒரே முதல் வரியில் திணித்தால் நாகர்கோவில்காரர் அகராதி தேடுவார், கதை நின்றுவிடும். முதல் வரிக்கு ஒன்றிரண்டு போதும்.

கடைசியாக, கதை தெரியாத ஒருவருக்கு வரியை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். “அன்னிக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டால் இரண்டாவது வரிக்குப் போங்கள். “யாரு சொல்றது?” என்று கேட்டால் மறுபடி மூன்றாவது வேலையிலிருந்து.