தாகத்தோடு ஓர் உடன்படிக்கை

வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு, ரத்தத்தை இயந்திரம் வழியே சுத்திகரிக்கும் ஹீமோடயாலிசிஸ் பெரும்பாலும் இப்படித்தான். ஊசி வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் பொறுமையைக் குலைத்தது தாகம். மருத்துவர் தண்ணீருக்கு அளவு விதித்த பிறகு, வீட்டில் யார் சொம்பைத் தூக்கினாலும் எரிச்சல் வந்தது. சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம்.

"மனத்தைக் கட்டுப்படுத்து" என்று அறிவுரை சொன்னவர்கள் ஏராளம். (சொன்னவர்கள் கையில் மோர் டம்ளர் இருந்தது.) எனக்கு வழி காட்டியது உப்புதான். உப்பைக் குறைத்தால் தாகம் குறையும் என்றார் செவிலியர். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் நிறுத்தினேன். அன்றைய தண்ணீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிடுவேன். காபி, ரசம் என எது குடித்தாலும் அதே அளவைப் பாட்டிலிலிருந்து எடுத்துத் துளசிச் செடிக்கு ஊற்றிவிடுவேன். மீதி எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிந்ததும் பதற்றம் அடங்கியது. மதியம் ஒரு சிறிய ஐஸ் கட்டி. வாயில் மெல்லக் கரையவிட்டால் நெடுநேரம் தாங்கும். அதுவும் கணக்கில் சேரும்.

இளநீர் ஏக்கம் மட்டும் போகவில்லை. பொட்டாசியம் அதிகம் என்பதால் எனக்கு அது கூடாது. வண்டியைப் பார்த்தால் இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

இயந்திரத்தருகே படுத்திருக்கும் நேரம் முன்போல் நீள்வதில்லை. பக்கத்துக் கட்டில்காரரும் நானும் அரசியல் பேசிச் சண்டை போடுகிறோம். ஃபிஸ்டுலா (ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துவைத்த இடம்) உள்ள கையை அசைக்காமல் வாதாடுவது தனிக் கலை. அவர் என்னைவிடத் தேர்ந்தவர்.