விண்டோஸுக்கும் உபுண்டுவுக்கும் ஒரே பிஎன்பிஎம் ஸ்டோர்: கோளாறு எங்கே பார்ப்பது?

ஒரே மடிக்கணினியில் இரண்டு ஓஎஸ் வைத்திருப்பவர்கள் பிஎன்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் கருவி) ஸ்டோரை, அதாவது இறக்கிய கோப்புகளை அது சேர்த்து வைக்கும் கிடங்கை, பொதுப் பார்ட்டிஷனில் வைத்து இடத்தை மிச்சப்படுத்தலாம். ஆனால் ஸ்டோரைத்தான் பகிரலாம். ஒவ்வொரு புராஜெக்ட்டுக்குள்ளும் அதன் பேக்கேஜ்கள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரைப் பகிரவே கூடாது.

ஸ்டோரில் கிடப்பவை ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட குறியீடு) பெயராகக் கொண்ட கோப்புகள். எந்த ஓஎஸ்ஸில் இறக்கினாலும் ஒரே பைட்டுகள். நோட் மாட்யூல்ஸ் அப்படியல்ல. விண்டோஸில் பிஎன்பிஎம் அங்கே ஜங்ஷன் (வேறு ஃபோல்டரைச் சுட்டும் இணைப்பு) போடும். டிரைவ் எழுத்தோடு முழுப் பாதையும் அதில் பதிந்திருக்கும். உபுண்டுவில் சிம்லிங்க் (அதேபோல் வேறு இடத்தைச் சுட்டும் இணைப்பு) போடும். ஈஎஸ்பில்ட் (ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைத் தொகுக்கும் கருவி) போன்றவற்றுக்கோ ஓஎஸ்ஸுக்கு ஒரு பைனரி (இயங்கு கோப்பு). வேறு தளத்துக்கான ஈஎஸ்பில்ட் இருக்கிறது என்று பிழை வந்தால், நோட் மாட்யூல்ஸை அழித்துவிட்டு, இப்போது ஓடும் ஓஎஸ்ஸிலேயே மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். பெரும்பாலான கோப்புகள் ஸ்டோரில் இருப்பதால் சீக்கிரம் முடியும்.

பொதுப் பார்ட்டிஷன் என்டிஎஃப்எஸ்ஸாக இருக்கட்டும். பிஎன்பிஎம் ஸ்டோர் கோப்புகளை நகலெடுக்காமல் ஹார்ட்லிங்க்காக (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) புராஜெக்ட்டில் வைத்துத்தான் இடத்தை மிச்சப்படுத்துகிறது; எக்ஸ்ஃபேட்டில் ஹார்ட்லிங்க்கும் கிடையாது, சிம்லிங்க்கும் கிடையாது. புராஜெக்ட்டையும் அதே பார்ட்டிஷனில் வையுங்கள், ஓஎஸ்ஸுக்கு ஒரு கிட் குளோனாக (தனித்தனி நகலாக). ஹார்ட்லிங்க் பார்ட்டிஷன் எல்லையைத் தாண்டாது; புராஜெக்ட் வேறு இடத்தில் இருந்தால் பிஎன்பிஎம் சத்தமில்லாமல் கோப்புகளை நகலெடுக்கும், மிச்சப்படுத்த நினைத்த இடம் போய்விடும்.

இடம் இரட்டிப்பாகிறதா? இரண்டு ஓஎஸ்ஸிலும் 'பிஎன்பிஎம் ஸ்டோர் பாத்' கொடுத்து, வரும் பாதையின் கடைசித் துண்டைப் பாருங்கள். பதிப்பு 9 'வி3' ஃபோல்டரையும், பதிப்பு 10 'வி10' ஃபோல்டரையும் பயன்படுத்தும். இரண்டிலும் ஒரே பதிப்பைப் போட்டால் சரியாகிவிடும்.

உபுண்டுவில் எழுத முடியாமல் 'ரீட்-ஒன்லி' என்று நின்றால் பர்மிஷனைத் தோண்டுவதற்கு முன் விண்டோஸைச் சந்தேகியுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் ஷட்டவுன் முழுதாக நடக்காது. பார்ட்டிஷன் பாதி உறக்க நிலையில் நிற்கும். பவர் ஆப்ஷன்ஸில் அதை அணைத்துவிடுங்கள். அவசரத்துக்கு, ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தாலும் போதும்.

மிகவும் ஏமாற்றுவது, நோட் மாட்யூல்ஸுக்குள் இருக்கும் கோப்பை நேரடியாகத் திருத்துவது. ஹார்ட்லிங்க் என்பதால் திருத்தம் ஸ்டோரிலேயே விழும்; உபுண்டுவில் செய்த தவறு அடுத்த நாள் விண்டோஸ் புராஜெக்ட்டில் தலைகாட்டும். 'பிஎன்பிஎம் ஸ்டோர் ஸ்டேட்டஸ்' மாறிய பேக்கேஜ்களைச் சொல்லும். அதன்பின் 'ஃபோர்ஸ்' கொடியோடு இன்ஸ்டால் செய்யுங்கள். திருத்தியே ஆக வேண்டுமென்றால் 'பிஎன்பிஎம் பேட்ச்' வழியாகச் செய்யுங்கள்.

'ஸ்டோர் ப்ரூன்' கொடுக்கும்போதும் கவனம் வேண்டும். ஹார்ட்லிங்க் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும் கோப்பை யாருக்கும் வேண்டாததென்று அது நீக்கிவிடும். நகலெடுத்து இயங்கும் புராஜெக்ட்டுகள் இந்தக் கணக்கில் வராது. அவை உடையாது, ஆனால் அடுத்த இன்ஸ்டாலில் எல்லாம் மறுபடி இணையத்திலிருந்துதான் இறங்கும்.