ஆவணி வெயிலும் நம் தோலும்: யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று எங்கிருந்து புறப்பட்டாலும், நம்மவர்களில் பலர் ஊருக்குப் போவது யூலை, ஓகஸ்ட் மாதங்களில்தான். பிள்ளைகளுக்கு விடுமுறை, நல்லூரில் திருவிழா. அதே நாட்களில் சூரியனும் யாழ்ப்பாணத்துக்கு நேர்மேலே வந்துகொண்டிருக்கும். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் அங்கே மதிய வெயில் உச்சந்தலையில் செங்குத்தாக இறங்கும். ஆவணி அமாவாசைத் தீர்த்தம் அநேகமாக அந்த இரண்டாவது முறையை ஒட்டித்தான் வரும்.

“எங்கட தோலுக்கு வெயில் ஒண்டும் செய்யாது” என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஓரளவு காக்கும், உண்மை. ஆனால் நம் தோலும் எரியும். வெள்ளைக்காரர்போல் பளிச்சென்று சிவக்காததால் எரிந்தது கண்ணுக்குத் தெரிவதில்லை. இரவில் தோள் காந்தும்போதுதான் புரியும். அதைவிட நமக்கு அதிகம் வருவது மங்கு. கன்னத்திலும் நெற்றியிலும் விழும் அந்தக் கரும்படை, பயணம் முடிந்து மாதக்கணக்காகியும் போகாது.

புறஊதாக் கதிர்ச் சுட்டெண் (யூ.வி. இன்டெக்ஸ்) 3ஐத் தொட்டாலே பாதுகாப்புத் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. லண்டன் கோடையில் அது 6, 7 என்று நிற்கும். யாழ்ப்பாணத்தில் மதியம் 11ஐயும் தாண்டும். கைபேசியின் வானிலைச் செயலியிலேயே இதைப் பார்க்கலாம். போனைப் பார்க்க முடியாவிட்டால் நிழலைப் பாருங்கள்: உங்களைவிட உங்கள் நிழல் குட்டையாக இருந்தால், ஒதுங்க வேண்டிய நேரம். சோழகக் காற்றை நம்பாதீர்கள். அது வெக்கையைத்தான் தணிக்கும், கதிரைத் தடுக்காது. குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் காற்றுச் சுகத்தில் திறந்த பக்கமாக இருந்துவிட்டு, மூக்கும் நெற்றியும் கருகித் திரும்புவது இதனால்தான். கடலில் பட்டுத் தெறிக்கும் வெயிலும் சேர்ந்துகொள்ளும்.

முதல் காவல் குடையும் துணியும்தான். நீளக்கைப் பருத்திச் சட்டை, அகலமான தொப்பி, கறுப்புக் கண்ணாடி. சந்தையில் பனையோலைத் தொப்பி கிடைத்தால் ஒன்று வாங்குங்கள், ஊரில் பின்னுகிறவர்களுக்கும் உதவி. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் கிரீம் வேண்டாம். நிழலும் மெல்லிய துணியும் போதும்.

அப்புறம் சன்ஸ்கிரீன். இதை நீங்கள் இருக்கும் நாட்டிலேயே வாங்கிப் போவது நல்லது, பழகிய கிரீம் என்றால் தோலும் முரண்டு பிடிக்காது. டப்பாவில் எழுதியிருக்கும் எஸ்.பி.எஃப். என்பது வெயில் காப்பு அளவு. எஸ்.பி.எஃப். 30 என்பது தோலை எரிக்கும் யூ.வி.பி. என்ற புறஊதாக் கதிரில் 97 வீதம் அளவைத் தடுக்கும், 50 என்பது 98 வீதம். பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். ஆனால் நாம் எல்லோரும் பூச வேண்டியதைவிடக் குறைவாகவே பூசுகிறோம், அதனால் 50ஐ எடுங்கள். மங்கு விழ வைப்பதில் யூ.வி.ஏ. என்ற இன்னொரு புறஊதாக் கதிருக்கும் பெரிய பங்கு உண்டு. ஐரோப்பாவில் வாங்கினால் யூ.வி.ஏ. என்ற எழுத்துகளைச் சுற்றி வட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கனடாவில் ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்று போட்டிருக்கும்.

சாம்பல் பூசியதுபோல் முகம் வெளுக்கிறது என்றுதான் நம்மில் பலர் கிரீமையே வெறுக்கிறார்கள். துத்தநாக ஒக்சைட்டும் டைட்டேனியம் டயொக்சைட்டும் செய்யும் வேலை அது. நிறம் கலந்த சன்ஸ்கிரீன் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. அதில் சேர்க்கும் இரும்பு ஒக்சைட், கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். மாநிறத் தோலில் மங்கை மோசமாக்குவதில் அந்த ஒளிக்கும் பங்கு இருப்பதால், மங்கு உள்ளவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்குங்கள். காது, பின்கழுத்து, தலை வகிடு, சேலை ரவிக்கைக்கு வெளியே தெரியும் முதுகு, வெறுங்காலின் மேற்பாதம் எல்லாம் மறந்துபோகும் இடங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். நல்லூரில் ஆண்கள் மேலாடை இல்லாமல் நிற்பதால் தோளும் முதுகும்தான் முதலில் எரியும். வியர்வைக்குத் தாங்கும் கிரீமை வீட்டிலேயே பூசிக் காயவிட்டுப் புறப்படுங்கள். அங்கப்பிரதட்சணம் செய்தால் அது மணலோடு போய்விடும், எனவே எழுந்து கழுவியதும் சால்வையால் போர்த்துக்கொள்ளுங்கள். மாலையில் நுளம்புக்குப் பூசுவதென்றால் முதலில் சன்ஸ்கிரீன், அது ஊறிய பிறகு நுளம்பு மருந்து. வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் கிரீமை விட்டு வராதீர்கள், கெட்டுவிடும்.

தேசிக்காய் பிழிந்த கையோடு வெயிலில் போகாதீர்கள். அதன் சாறு பட்ட இடம் வெயிலில் கொப்பளித்துக் கறுத்துப்போகும். முகத்துக்குத் தேசிக்காய் பூசும் வீட்டு வைத்தியமும் அதனால்தான் வேண்டாம். பருவுக்கு டொக்சிசைக்கிளின் எடுப்பவர்கள், ரெட்டினோல் பூசுபவர்கள், இரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைட் எடுக்கும் பெரியவர்கள் ஆகியோரின் தோல் வெயிலுக்கு விரைவில் பாதிக்கப்படும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், புறப்படுமுன் வைத்தியரிடம் கேளுங்கள்.

மேக்கப்பைப் பொறுத்தவரை, பகலில் நிறம் கலந்த சன்ஸ்கிரீன், உதட்டுக்கு எஸ்.பி.எஃப். உள்ள பாம், கரையாத மை என்று நிறுத்திக்கொள்வதே என் விருப்பம். பவுண்டேஷனில் எஸ்.பி.எஃப். எழுதியிருந்தாலும் அதை நம்பி வெளிக்கிட வேண்டாம். அந்த அளவு பலன் கிடைக்கும்படி யாரும் அதைத் தடிப்பாகப் பூசுவதில்லை. கலியாணம், சாமத்தியவீடு என்றால் அலங்காரம் செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: என் கழுத்தின் நிறத்துக்குப் பொருந்த வேண்டும், வெளுப்பாக்க வேண்டாம். பிள்ளைக்கு முதல்முறை மேக்கப் என்றால், இரண்டு நாள் முன்னதாக முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் பூசிப் பாருங்கள்.

மருதாணி இயல்பில் செம்மஞ்சளாகத் தொடங்கி ஓரிரு நாளில் கபில நிறமாகும். ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் கறுப்பு மெஹந்தியில் பெரும்பாலும் தலைமயிர்ச் சாயத்தில் உள்ள பி.பி.டி. என்ற இரசாயனம் இருக்கும், கொப்பளித்துத் தழும்பாகும். ஒட்டுப்பொட்டு வைக்கும் இடம் அரித்தாலோ வெளுத்தாலோ உடனே விட்டுவிடுங்கள். சில பசைகளில் உள்ள இரசாயனம் தோலின் நிறத்தையே நிரந்தரமாக அழிக்கக்கூடியது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது வெள்ளையாக்கும் கிரீம். வந்து இறங்கிய மூன்றாம் நாளே மாமியோ சித்தியோ “கறுத்துப்போனாய் பிள்ளை” என்று பாசத்தோடு ஒரு டப்பாவை நீட்டுவார். உற்பத்தியாளர் பெயரோ உள்ளடக்கமோ இல்லாத கிரீம்களில் பாதரசம் இருக்கலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மினமாட்டா உடன்படிக்கை என்ற சர்வதேச ஒப்பந்தம் பாதரசம் கலந்த அழகுப் பொருட்களைத் தடுக்கிறது, ஆனாலும் அவை சந்தைக்கு வருகின்றன. இன்னும் சிலவற்றில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டாசோல் போன்ற ஸ்டெரொயிட் இருக்கும். ஒரு வாரத்தில் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, பருவும் சிவப்பு நரம்புகளும் தெரியும். விட்டால் முகம் எரியும், விடாவிட்டால் இன்னும் கெடும். டப்பாவை அன்போடு வாங்குங்கள், பூசாதீர்கள், பிள்ளைகளிடமும் கொடுக்காதீர்கள். வெயிலில் நிறம் கூடுவது நோயல்ல. எரிவும் படையும் வராமல் பார்ப்பதற்குத்தான் இத்தனையும் சொல்கிறேன்.

தோல் எரிந்துவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை வையுங்கள், ஐஸ்கட்டியும் பற்பசையும் வேண்டாம். செவ்விளநீர் குடியுங்கள். கொப்பளம் பெரிதாகினாலோ, பிள்ளைக்குக் காய்ச்சலோ வாந்தியோ வந்தாலோ அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள்.