முட்டைச் சவ்வூடு பரவல்: சோதனை சரி, கணக்குத்தான் தப்பு

அறிவியல் கண்காட்சி அறிவித்துவிட்டால் போதும், ஈரோடு, கோபி, திருப்பூர்ப் பக்கம் அடுக்களை மேடையில் நாமக்கல் முட்டை ஒன்று வினிகரில் ஊற ஆரம்பித்துவிடும். ஓட்டைக் கரைத்து, சவ்வோடு நிற்கும் முட்டையைத் தண்ணீரிலும் சர்க்கரைப் பாகிலும் போட்டு எடை பார்த்து, சவ்வூடு பரவலை, அதாவது தண்ணீர் சவ்வைத் தாண்டி அடர்த்தி கூடிய கரைசல் பக்கம் போவதைக் காட்டும் சோதனை. முட்டை கைதவறி விழும், தம்பி குத்திப் பார்ப்பான். அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வருடம் தவறாமல் திரும்ப வரும் மற்ற தப்புகளைப் பார்ப்போம்.

வினிகரில் கஞ்சத்தனம்

முட்டை மூழ்கினால் போதும் என்று 100 மில்லி ஊற்றுகிறார்கள். 55 கிராம் முட்டையில் ஓடு மட்டும் 5 முதல் 6 கிராம். கிட்டத்தட்ட முழுக்கக் கால்சியம் கார்பனேட். அதில் 5 கிராம் கரைய 6 கிராம் அசிட்டிக் அமிலம் வேண்டும். 4 சதவீத வினிகரில் அது 150 மில்லி. ஆக, முட்டைக்கு 200 மில்லி ஊற்றுங்கள். ஒரு நாள் கழித்தும் ஓடு மிச்சமிருந்தால் புது வினிகர் மாற்றுங்கள். குறைத்து ஊற்றினால் ஓடு திட்டுத் திட்டாக நிற்கும். அதை நகத்தால் சுரண்டுவார்கள், சவ்வு கிழியும். பாட்டில் மூடியையும் இறுக்க வேண்டாம். உள்ளே கரியமில வாயு வந்துகொண்டே இருக்கும்.

எலுமிச்சைச் சாறு

வேண்டாம். கால்சியம் சிட்ரேட் வெள்ளையாகப் படியும்.

வேகவைத்த முட்டை

வேண்டவே வேண்டாம்.

பச்சை முட்டையின் எடையைத் தொடக்க எடையாக எழுதுவது

எரிச்சலூட்டும் தப்பு இதுதான். மூன்று நாள் உழைப்பையும் ஒரே வரியில் வீணாக்கிவிடும். அட்டவணையில் முதல் எண் ஓட்டோடு இருந்த முட்டையின் எடை, அடுத்த எண் தண்ணீரில் ஊறியபின் எடை. நடுவில் வினிகரில் கிடந்த இரண்டு நாள் கணக்கிலேயே வராது.

வினிகரில் அமிலம் நூற்றுக்கு நாலு, மீதி தண்ணீர்தான். ஓடு கரையக் கரைய அந்தத் தண்ணீர் சவ்வைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஓடு போயும் முட்டை பெருத்திருப்பது அதனால்தான்.

எடுத்துக்காட்டாக, 55 கிராமில் இரண்டு முட்டைகள் என்று வையுங்கள். ஓடு 5 கிராம் போனால் உள்ளே 50. வினிகரிலிருந்து எடுக்கும்போது ஒவ்வொன்றும் 70. ஒன்று தண்ணீரில் ஒரு நாள் கிடந்து 74 ஆகிறது. மற்றது பாகில் 46 ஆகிறது. பிள்ளை எழுதுவது: தண்ணீரில் 19 கூடியது, பாகில் 9 குறைந்தது. உண்மை: தண்ணீரில் கூடியது 4, பாகில் குறைந்தது 24. உள்ளே போன தண்ணீரில் 20 கிராம் வினிகரிலேயே ஏறிவிட்டது. வரைபடம் நடந்ததைத் தலைகீழாகக் காட்டும். நடுவர் "வினிகர்ல எவ்வளவு ஏறுச்சு கண்ணு?" என்று கேட்டால் பதில் இருக்காது.

வினிகரிலிருந்து எடுத்ததும் அலசி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்து எடை போடுங்கள். அதுதான் தொடக்க எடை. ஒவ்வொரு முறையும் அதேபோல் ஒற்ற வேண்டும். ஒட்டியிருக்கும் ஈரமே ஓரிரு கிராம் காட்டும். தண்ணீரில் நன்றாக ஏறிக் காட்ட வேண்டுமானால் வரிசையை மாற்றுங்கள்: முதலில் பாகு, பிறகு அதே முட்டை தண்ணீருக்கு. ஏற்கெனவே ஊதி நிற்கும் முட்டையைத் தண்ணீரில் போட்டுவிட்டு, ஏறவில்லையே என்று கவலைப்படுவதில் பொருளில்லை.

பாகு

400 கிராம் வெள்ளைச் சர்க்கரைக்கு 200 மில்லி வெந்நீர். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையிலும் முட்டை சுருங்கும், ஆனால் நிறத்தில் ஒன்றும் தெரியாது. முழுக்க ஆறவிடுங்கள், 60 டிகிரியைத் தாண்டினால் வெள்ளைக்கரு இறுக ஆரம்பிக்கும். பாகு கனமானது, முட்டை மிதக்கும். மேல் பகுதி காற்றில் நின்றால் அந்தப் பக்கம் சுருங்காது. சின்னத் தட்டை மேலே வைத்து அமுக்குங்கள். வெளிவரும் தண்ணீர் இலேசானது, மேலே தேங்கிப் பாகை நீர்க்கச் செய்யும். நாளுக்கு மூன்று நான்கு தடவை மெதுவாகக் கலக்கிவிடுங்கள்.

உப்புத் தண்ணி

"ஏனுங்க, எங்கூட்ல போர் தண்ணிதானுங்க. சுருங்கிப் போயிருமுங்களா?" போகாது. லிட்டருக்கு 2 கிராம் உப்பு இருந்தாலும் முட்டைக்குள் இருக்கும் கரைசல் அதைவிட அடர்த்தி. தண்ணீர் உள்ளேதான் போகும். பாகுக்குப் பதில் உப்புக் கரைசல் வைப்பதுதான் வம்பு. உப்பு சிறியது, சவ்வு வழியே அதுவும் நுழையும்.

அட்டையில் "செல் சவ்வு" என்று எழுதுவது

கையில் இருப்பது ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் இரண்டடுக்குப் புரத நார்ச் சவ்வு. முட்டை என்ற செல்லின் சவ்வு மஞ்சள் கருவைச் சுற்றி இருக்கிறது. செல் சவ்வுக்கு மாதிரி என்று எழுதினால் தப்பில்லை. 1748-இல் பிரெஞ்சு அறிவியலாளர் நொல்லே சவ்வூடு பரவலைக் கண்டதும் பன்றியின் சிறுநீர்ப்பையைக் கொண்டுதான். அதுவும் செல் சவ்வு அல்ல.

முடிந்த முட்டை

சமையலுக்கு ஆகாது. தென்னை மரத்தடியில் குழி தோண்டிப் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.