மூன்று அளவுச் சத்தத்தில் ஒரு மரித்தோர் பூசை: ‘ரெக்வியம்’ ஆல்பத்தைக் கேட்கும் முறை

மைக் செட் வைத்திருப்பவனிடம் ஊர் கேட்பது ஒன்றுதான்: “இன்னும் கொஞ்சம் கூட்டுப்பா.” காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கல்லறைத் திருநாள் என்று எல்லாவற்றுக்கும் ஆம்ப்ளிஃபயர் தூக்கிக்கொண்டு போகிறவன் நான். அப்படிப்பட்டவன் சொல்லும் முதல் விதி உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். இந்த ஆல்பத்தைப் போட்ட பிறகு வால்யூமைத் தொடாதீர்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மற்ற யோசனைகளில் பாதியை நீங்கள் விட்டுவிட்டாலும் எனக்குக் குறையில்லை.

ஆல்பம் எதுவென்று சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகரத்துக் குழு விர்ஜின் பிளாக், 1990களில் தொடங்கியது. பாடுபவரும் கீபோர்டு வாசிப்பவரும் ரோவன் லண்டன். கிட்டாரும் செல்லோவும் சமந்தா எஸ்கார்பே. இவர்கள் ‘ரெக்வியம்’ என்ற ஒரே படைப்பை மூன்று ஆல்பமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மேற்கத்திய இசைத்தாளில் சத்தத்தின் அளவைக் குறிக்கும் பெயரையே வைத்தார்கள்: மிக மெல்ல ஒலிப்பது பியானிஸ்ஸிமோ, நடுத்தரமாக உரப்பது மெஸ்ஸோ ஃபோர்ட்டே, மிக உரக்க ஒலிப்பது ஃபோர்ட்டிஸ்ஸிமோ. அடிலெய்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவையும் சேர்த்துக்கொண்டு பதிவு செய்தார்கள். வெளிவந்ததோ முறை மாறி. நடுவில் உள்ளது 2007இல், உரத்தது 2008இல், மெல்லியது அதற்கும் பத்து வருஷம் கழித்து 2018இல். முதலில் கேட்க வேண்டியது நடுவில் உள்ள மெஸ்ஸோ ஃபோர்ட்டே. மற்ற இரண்டுக்கும் அப்புறம் வருகிறேன்.

இது கிறிஸ்தவ இசையா என்று கேட்பீர்கள். எங்கள் பங்குக் கோயிலிலும் கேட்டார்கள். மெட்டல் என்பது கனத்த மின்கிட்டாரும் டிரம்மும் ஓங்கி ஒலிக்கும் ராக் இசை. கிறிஸ்தவ மெட்டல் என்றாலே 1980களின் ஸ்ட்ரைப்பர் குழுதான் பலருக்கு ஞாபகம் வரும். கறுப்பு மஞ்சள் கோடு போட்ட உடுப்பு, மேடையிலிருந்து கூட்டத்துக்குள் பைபிளைத் தூக்கி வீசுவது, எழுப்புதல் கூட்டம் மாதிரி ஒரு உற்சாகம். விர்ஜின் பிளாக்கில் அது எதுவும் கிடையாது. யாரையும் மனம் திருப்ப வரவில்லை. ‘கிறிஸ்தவக் குழு’ என்று தங்கள்மேல் முத்திரை குத்துவதையே அவர்கள் விரும்பியதில்லை. ஆனால் எடுத்துக்கொண்டிருப்பது கத்தோலிக்க மரித்தோர் பூசை. அழுகிறவர் கடவுளைப் பார்த்துத்தான் அழுகிறார், பதில் வந்ததா என்று ஆல்பம் சொல்வதில்லை. இது பிடிக்காமல் போகிறவர்கள் உண்டு. அவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை, திருப்பாடல் 88ஐ வாசித்துவிட்டு வரச் சொல்கிறேன். சங்கீதம் என்று சொல்கிற சபைக்காரர்களுக்கும் எண் அதேதான். மற்றப் புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரு நம்பிக்கை வார்த்தையோடு முடியும். இது இருளிலேயே முடிந்துவிடுகிறது, வேதாகமத்திலிருந்து அதை யாரும் எடுத்துப் போடவும் இல்லை. ஐந்து நிமிஷ வாசிப்புதான். கேட்பதற்கு முன் வாசித்துவிடுங்கள்.

இவர்கள் வாசிப்பது காத்திக் மெட்டல் என்ற வகை. அதைப் பற்றி ரொம்பப் படிக்கத் தேவையில்லை. 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பாரடைஸ் லாஸ்ட் போன்ற குழுக்கள் மெட்டலின் வேகத்தைக் குறைத்து, துக்கத்தை ஏற்றி, பெண் குரலையும் சேர்த்தன. 1991இல் வந்த அவர்களுடைய ஆல்பத்தின் பெயரே ‘காத்திக்’தான். இவ்வளவு தெரிந்தால் போதும். வண்டி இருந்தால் ஒருநாள் மானாமதுரை தாண்டி இடைக்காட்டூர் திருஇருதய ஆலயத்துக்குப் போய்வாருங்கள். பிரான்ஸின் ரீம்ஸ் பேராலயத்தை மாதிரியாக வைத்து, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் காத்திக் பாணியில் கட்டியது. கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் உள்ளே உட்கார்ந்து, யாராவது ஒரு நாற்காலியை நகர்த்தும் சத்தம் அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று கவனியுங்கள். இந்த ஆல்பத்தில் பாடகர் குழு எதற்காக அவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பது அங்கே புரியும்.

இனி என் தொழில். கைபேசி ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். சாதாரணமாகச் சுருதி சேர்த்த கிட்டாரின் கீழ்த் தந்தி 82 ஹெர்ட்ஸ். மெட்டல் ஆட்கள் அதற்கும் கீழே இறக்குவார்கள். செல்லோவின் கீழ்த் தந்தி 65 ஹெர்ட்ஸ். கைபேசி அந்த ஆழத்துக்கு இறங்கவே இறங்காது. நான் கம்பத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரும் இறங்காது, அது பேச்சு தூரத்துக்குக் கேட்பதற்காகவே செய்தது. இரண்டிலும் மேல்பக்கத்து இரைச்சல் மட்டும்தான் மிஞ்சும். ‘மெட்டல் என்றால் ஒரே கரகரப்பு’ என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் கேட்டது அந்த மிச்சத்தைத்தான். காதை முழுக்க மூடுகிற ஹெட்ஃபோன் சுமாரான விலையில் கிடைத்தாலே போதும். இல்லையென்றால் எட்டு அங்குலக் கோன் போட்ட பெட்டி இரண்டு.

அப்புறம் ஆப்பின் செட்டிங்ஸுக்குள் போய் ஷஃபிளை நிறுத்துங்கள். பாஸ் பூஸ்ட்டை நிறுத்துங்கள். எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவருகிற ‘நார்மலைசேஷன்’ என்று ஒன்று இருக்கும், அதை முக்கியமாக அணையுங்கள். மெல்ல, நடுத்தரம், உரக்க என்று பெயர் வைத்து ஒருவர் படைத்ததை அது தட்டையாக்கி வைத்திருக்கும். பிறகு ஆல்பத்தின் நடுவில் கிட்டார் முழுதாக விழுகிற ஒரு இடத்தைத் தேடிப் போட்டு, காது கூசாத அளவுக்கு வால்யூமை வையுங்கள். இனி முதலிலிருந்து. தொடக்கம் மெலிதாகத்தான் கேட்கும். மின்விசிறி சத்தம்கூட அதை மறைக்கும், அதனால் விசிறியையும் நிறுத்திவிடுங்கள். சித்திரை வைகாசியில் இது நடக்காது என்று எனக்கும் தெரியும். ஐப்பசி கார்த்திகை மழைக்காலம் சரியான பருவம்.

எந்த இடத்தில் உட்காருவது? நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் வளவு, அதாவது நடு முற்றம், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இதற்கு ஆகாது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல், பர்மாத் தேக்குத் தூண், எல்லாமே சத்தத்தைத் திருப்பி அடிக்கும். ஓரத்தில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள், தெரியும். பாடகர் குழுவுக்கு அந்த எதிரொலி நன்றாகத்தான் இருக்கும். டிரம் விழும்போது ஒரு அடி மேல் இன்னொரு அடி ஏறிக் குழம்பிவிடும். கீழ் சுருதியோ நடுவில் வானம் பார்த்த இடம் வழியாகப் போய்விடும். பக்கத்து அறைகளில் ஒன்றைப் பிடியுங்கள். மெத்தை, தலையணை, பழைய புடவை மூட்டை அடுக்கி வைத்திருக்கும் அறையாக இருந்தால் ரொம்ப நல்லது. தரையில் ஜமக்காளம் விரித்து, பெட்டிகளைச் சுவர் மூலையிலிருந்து இரண்டடி தள்ளி வைத்தால் வேலை முடிந்தது.

நேரமும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சாயங்காலம் புதுப் பெட்டி ஒன்றைச் சோதித்துப் பார்க்க வீட்டு வாசலில் இதைப் போட்டேன். எதிர்வீட்டு ஆச்சி இறங்கி வந்துவிட்டார்கள்.

“என்ன தம்பி, ஆரும் தவறிட்டாகளா?”

“இல்ல ஆச்சி, பாட்டுத்தான். வெளிநாட்டுப் பாட்டு.”

“விளக்கு வைக்கிற நேரத்துல இதையா போடுவாக? நிப்பாட்டுப்பா.”

நிறுத்திவிட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். லத்தீன் தெரியாது, மெட்டல் தெரியாது, அரை நிமிஷம் கேட்டார்கள், எதற்கான இசை என்று சரியாகச் சொல்லிவிட்டார்கள். இணையத்தில் நான் வாசித்த பல விமர்சனங்களை விட அது மேல்.

இந்த ஆல்பத்தை எனக்குக் கொண்டுவந்தது என் அக்கா மகன், பொறியியல் படிக்கிறான். “மாமா, ஸ்டார்ட்டிங் போரடிக்கும், தள்ளி ஓட்டிருங்க, கிட்டார் வர்ற இடத்துல இருந்து கேளுங்க” என்றான். “ஏன்டா, துக்க வீட்டுக்குப் போனா வாசல்ல நிக்காம நேரா உள்ள போயி உக்காந்துருவியா?” என்று கேட்டேன். சிரித்தான். ஆனால் விஷயம் அதுதான். துக்க வீட்டில் முதலில் கொஞ்ச நேரம் யாரும் எதுவும் சொல்வதில்லை. அப்புறம் ஒருத்தி எடுத்துக்கொடுப்பாள், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். ராகமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே எங்கோ ராகம் உடைந்து வெறும் கதறலாகும், பிறகு திரும்ப ராகத்துக்கே வரும். இந்த ஆல்பத்தில் பெண் குரலும் பாடகர் குழுவும் எடுத்துக்கொடுக்கின்றன. ஆண் குரல் அதற்குள் இறங்குகிறது. உடையும் இடத்தில்தான் மெட்டல் பாடகர்களின் அந்த உறுமல் குரல் வருகிறது.

உறுமலைப் பற்றித்தான் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். பிசாசுக் குரல் என்கிறார்கள். குரல் நாணுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்பு நமக்கு உண்டு, சாதாரணப் பேச்சில் அது வேலை செய்வதில்லை. அதை அதிரவிட்டுப் பழக்கியெடுக்கும் வித்தை இது. சொல் பிடிபடவில்லையே என்று திணறாதீர்கள். முதல் முறை அதை ஒரு வாத்தியமாக, அடியில் ஓடுகிற கனத்த சுருதியாக எடுத்துக்கொள்ளுங்கள். வரிகளை எழுத்தில் பார்ப்பது அடுத்த முறைக்கு. உறுமல் தொடங்கும் இடத்தை விட அது நிற்கும் இடத்தைக் கவனியுங்கள் என்பது என் யோசனை. நின்றபின் என்ன மிஞ்சுகிறது, செல்லோவா, குழுவா, வெறும் ரீங்காரமா என்று பாருங்கள். ஆல்பத்தில் எனக்குப் பிடித்த இடங்கள் எல்லாம் அந்த விளிம்புகளில்தான் இருக்கின்றன.

ஏழு பாட்டு, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தலைப்புகளில் ரெக்வியம், கிரியே, டோமினே, லாக்ரிமோசா என்று பூசைப் பகுதிகள் வருகின்றன, மற்றவை ஆங்கிலத் தலைப்புகள். கத்தோலிக்கர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். முதலாவது, கல்லறையில் நாம் சொல்லும் அதே ‘நித்திய இளைப்பாற்றி’ வேண்டுதல். கிரியே என்பது ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’. லாக்ரிமோசா மட்டும் நம்மில் பலர் கோயிலில் கேட்டிராதது. கடைசித் தீர்வை நாளைப் பற்றிய நீண்ட லத்தீன் பாட்டின் முடிவுப் பகுதி அது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிந்தைய சீர்திருத்தத்தில் அந்தப் பாட்டு மரித்தோர் பூசையிலிருந்து எடுக்கப்பட்டது. விர்ஜின் பிளாக்குக்கு முன்னால் மோட்சார்ட்டின் லாக்ரிமோசாவைக் கேட்டுவிட்டு வந்தால் நல்லது. 1791இல் அவர் சாகும்போது அதில் எட்டு தாளக் கட்டம் (பார்) வரைதான் எழுதியிருந்தார், மீதியை எழுதி முடித்தவர் சூஸ்மயர். நாலு நிமிஷம்கூட ஆகாது. அதே சொற்கள் அங்கே எப்படி ஏறிப்போகின்றன, இங்கே எப்படிக் குனிந்து கிடக்கின்றன என்று வித்தியாசம் பார்க்கலாம்.

வேகம் போதவில்லை என்று தோன்றினால் ஒன்று சொல்கிறேன். பெரிய வெள்ளியில், இயேசுவின் பாடுகளைச் சொல்லி அழும் வியாகுலப் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த மெதுவு புதிதல்ல. ஒரே இழுவையில் மணிக்கணக்காக அழுகிற குரலைச் சின்ன வயதில் தூக்கக் கலக்கத்தோடு கேட்டிருக்கிறோம். அந்தக் காதை எடுத்துக்கொண்டு வாருங்கள். மெட்டல் கேட்டுப் பழகிய பையன்களுக்குத்தான் இது கஷ்டம். என் மருமகனே இன்னும் நெளிகிறான்.

மெஸ்ஸோ ஃபோர்ட்டே பிடித்துப்போனால் அடுத்து எது? மெட்டல் பழக்கமில்லாதவர்கள் பியானிஸ்ஸிமோவுக்குப் போங்கள். அதில் மெட்டலே கிடையாது, ஆர்க்கெஸ்ட்ராவும் குரல்களும்தான். உறுமல் பிடித்துவிட்ட அபூர்வப் பிறவிகள் ஃபோர்ட்டிஸ்ஸிமோவுக்குப் போகலாம். அது நேர்மாறு, மெதுவாகவும் கனமாகவும் நகர்கிற டூம் மெட்டல் முன்னால் நிற்கும், ஆர்க்கெஸ்ட்ரா பின்னால் தெரியும். மூன்றையும் ஒரே நாளில் கேட்டு முடிக்கும் ஆசை வரும். வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு வாரமாவது விடுங்கள்.

அதற்கும் மேலே போக விரும்பினால் இரண்டு பெயர். ஆஸ்திரேலியாவிலேயே பாரமேசியம் என்ற குழு, 1993இல் வந்த ‘எக்ஸ்யூம்ட் ஆஃப் தி எர்த்’. இன்னும் கரடுமுரடு, பதிவும் அந்தக் காலத்துப் பதிவு, பெட்டி நன்றாக இல்லையென்றால் தொடவே வேண்டாம். இன்னொன்று அமெரிக்காவின் சேவியர் மெஷின். பாடகர் எரிக் கிளேட்டன் முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டு மேடையேறியவர். திருவெளிப்பாடு நூலை எடுத்து ‘லெஜண்ட்’ என்று 1997இலிருந்து பாகம் பாகமாக வெளியிட்டார்கள். இதில் உறுமல் இல்லை, கனத்த ஆண் குரல், பிரசங்கத் தொனியும் கொஞ்சம் உண்டு, எங்கள் பங்குப் பெரியவர்களுக்கு இதுதான் பிடிக்கிறது. முதல் பாகமே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் தூங்கிவிடுவீர்கள். காலைப் பூசை முடிந்து வந்ததும் போடுங்கள்.