பங்குனியில் வேலி வெட்டாதீர்கள்: மலையகத்து வீட்டுப் பறவைகளும் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

தைப் பனி விட்டு, மாசியில் காலை வெயில் உறைக்கத் தொடங்கியதும் மலையகத்தில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஆரம்பமாகின்றன. பறவைகள் கூடு கட்டத் தொடங்குகின்றன. வீடுகளில் சித்திரைப் புத்தாண்டுக்கான துப்புரவு தொடங்குகிறது. பறவைகளை ரசிக்கப் பழகும் புதியவர்கள் வருடாவருடம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டும் மோதிக்கொள்ளும் இடத்தில்தான் நடக்கின்றன.

கவண் அடிப்பது, கூண்டில் அடைப்பது, முட்டை எடுப்பது பற்றி இங்கே பேசப்போவதில்லை. பறவைமேல் பாசம் உள்ளவர்களே, நல்லது செய்கிறோம் என்று நம்பிச் செய்யும் தவறுகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கூட்டை மட்டும் விட்டுவிட்டு வேலியை வெட்டுவது

எல்லாவற்றிலும் மோசமானது இது. எத்தனை முறை சொன்னாலும் ஒவ்வொரு பங்குனியிலும் மறுபடி நடக்கிறது.

செவ்வரத்தை வேலியை வெட்டிக்கொண்டே வருவார்கள். இடுப்புயரத்தில் ஒரு கிளைக் கவட்டில் கிண்ணம் போலக் கூடு தெரியும். உள்ளே செம்புள்ளி போட்ட இரண்டு மூன்று முட்டைகள் இருக்கும். கொண்டைக்குருவியின் கூடு. "ஐயோ பாவம்" என்று அந்தக் கிளையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் ஒட்ட வெட்டி முடிப்பார்கள். வீட்டார் எல்லாரும் வந்து பார்ப்பார்கள், பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். இரண்டு மூன்று நாளில் கூடு வெறுமையாகக் கிடக்கும். காகத்தைத் திட்டுவார்கள். காகத்துக்கு வழிகாட்டியது கத்தி என்பது அவர்களுக்குப் படாது.

கூட்டைக் காப்பது அந்தக் கிண்ணம் அல்ல, அதைச் சுற்றியிருக்கும் இலை. அந்த இலைக்கு மூன்று வேலைகள் இருக்கின்றன.

முதலாவது மறைப்பு. காகம் கூரையிலிருந்து பார்க்கிறது. செம்பகம் வேலிக்கு உள்ளேயே ஊர்ந்து தேடுகிறது. பூனை கீழிருந்து வருகிறது. மூன்றுக்கும் கூடு தெரியாமல் இருக்க, மேலேயும் நான்கு பக்கமும் குறைந்தது ஒரு முழம் அடர்த்தியான இலை வேண்டும். தாய்ப்பறவை நேராகக் கூட்டுக்குப் பறந்து வருவதில்லை என்பதையும் கவனியுங்கள். இரண்டு மூன்று பாகம் தள்ளி வேலிக்குள் நுழைந்து, கிளைக்குக் கிளை தத்தி, உள்வழியாகவே வந்து சேரும். வேலியை ஒட்ட வெட்டினால் அந்த ஒளிவழியும் போய்விடுகிறது. பிறகு அது வந்து இறங்கும் ஒவ்வொரு தடவையும் காகத்துக்கு அடையாளம்.

இரண்டாவது நிழல். மலையில் காற்றுக் குளிர்ந்தாலும் மாசி, பங்குனி நடுப்பகல் வெயில் கடுமையானது. பொரித்த குஞ்சுக்கு முதல் சில நாட்கள் உடம்பில் தூவி இல்லை. கூடு திறந்தவெளியில் இருந்தால் தாய் இரை தேடப் போகாமல் சிறகை விரித்து நிழல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டிவரும். அந்த நேரம் முழுக்கக் குஞ்சு பட்டினி.

மூன்றாவது கூரை. பங்குனி, சித்திரைப் பின்னேரங்களில் இடியோடு கொட்டும் மழையை நேராக வாங்கினால் கூடு நனைந்து கனத்துச் சரிந்துவிடும்.

ஆகவே கூடு கண்டால் அந்தக் கிளையை மட்டும் அல்ல, இரு பக்கமும் மூன்று மீற்றர் வேலியை அப்படியே விடுங்கள். ஐந்து வாரம் போதும். கொண்டைக்குருவி நாளுக்கு ஒன்றாக முட்டையிட்டு, ஏறக்குறைய இரண்டு வாரம் அடைகாக்கும். பொரித்த குஞ்சுகள் இன்னும் இரண்டு வாரத்துக்குள் கூட்டை விட்டு இறங்கிவிடும். புத்தாண்டுக்கு வேலியின் ஒரு துண்டு பரட்டையாக நின்றால் வீட்டுக்கு வரும் விருந்தாளி யாரும் திரும்பிப் போவதில்லை.

வெட்டுவதற்கு முன்னால் கூடு இருக்கிறதா என்று கையால் இலையை விலக்கித் தேடக் கூடாது. இரண்டு மூன்று நாள் காலையில், ஆறரை மணியிலிருந்து அரை மணிநேரம், இஸ்தோப்பில் தேத்தண்ணியோடு இருந்து பாருங்கள். நார், காய்ந்த புல், வேர் கவ்வியபடி பறவை வேலிக்குள் போனால் கூடு கட்டுகிறது. புழுவைக் கவ்வி விழுங்காமல் வைத்துக்கொண்டே அங்குமிங்கும் பார்த்தால் குஞ்சு இருக்கிறது. வெள்ளையாக ஒரு சிறு பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே பறந்தால் அது குஞ்சின் எச்சம், அதுவும் அதே அடையாளம். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கத்தியை உள்ளே வைத்துவிடுங்கள்.

வேலி வெட்ட நல்ல காலம் மார்கழியும் தை முற்பாதியும். பங்குனி, சித்திரை, வைகாசி முக்கியமான கூட்டுக்காலம், ஆவணி, புரட்டாதியில் இன்னொரு சுற்று உண்டு.

தெரியாமல் ஏற்கெனவே வெட்டிவிட்டால்? கூட்டை இடம் மாற்ற வேண்டாம். மாற்றினால் தாய் பெரும்பாலும் கைவிட்டுவிடும். வெட்டிய கிளைகளையே எடுத்து, கூட்டுக்கு மேலேயும் மேற்குப் பக்கத்திலும் தும்புக் கயிற்றால் தளர்வாகக் கட்டுங்கள். செவ்வரத்தை இலை ஓரிரு நாளில் வாடிவிடும். கிடைத்தால் சைப்பிரஸ் கிளை வைப்பது நல்லது, அது நாள்பட நிற்கும். தாய் வந்து போகும் பக்கத்தை அடைக்காதீர்கள். பத்து நிமிடத்துக்குள் முடித்துவிட்டு 20 மீற்றர் தள்ளிப் போய் ஒரு மணிநேரம் பாருங்கள். தாய் திரும்பி உட்கார்ந்தால் சரி. அதன்பின் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஒட்டடைக்கம்பும் சுண்ணாம்பும்

தேன்சிட்டின் கூட்டைப் பார்த்தவர்கள் பலர், பார்த்தது கூடென்று தெரியாமலே அதை இழுத்து எறிந்திருப்பார்கள். மெல்லிய கிளையிலோ கூரைத் தாழ்வாரக் கம்பியிலோ தொங்கும். சிலந்தி நூலால் கட்டி, அதன்மேல் பட்டைத்துண்டு, காய்ந்த இலைத்துகள், புழு எச்சம் எல்லாம் ஒட்டி, கீழே வால்போல் குப்பை தொங்க விட்டிருக்கும். தூரத்தில் பார்த்தால் ஒட்டடையில் சிக்கிய சருகு. கிட்டப் போய்ப் பார்த்தால் பக்கவாட்டில் பெருவிரல் நுழையும் அளவில் ஒரு வாசலும், அதற்குமேல் சின்னதாக நீட்டிய ஓர் ஓரமும் தெரியும். மழைக்கு வைத்த கூரை அது. வாசல் இருந்தால் ஒட்டடைக்கம்பை ஒதுக்கி வையுங்கள். முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்கும்வரை ஏறக்குறைய ஒரு மாதம்.

இஸ்தோப்பு மூலையிலும் பங்களா வராந்தாவிலும் தேயிலைத் தொழிற்சாலைக்குள்ளும் மண்ணைக் குழைத்து அரைக்கிண்ணமாகக் கூடு ஒட்டுவது மலைத் தகைவிலான். கீழே எச்சம் விழுகிறது என்று சுண்ணாம்பு அடிக்க முன்னர் உடைத்துவிடுகிறார்கள். வாய் வாயாக ஈரமண் கொண்டுவந்து ஒட்டிய கூடு அது. ஒரு பலகையைக் கூட்டுக்கு 30 முதல் 40 சென்ரிமீற்றர் கீழே அடித்துவிட்டால் எச்சம் அதிலே விழும், தரை கெடாது. இதைவிடக் கிட்டே அடித்தால் பூனைக்கும் எலிக்கும் படியாகிவிடும். சுவரின் மற்றப் பகுதிக்குச் சுண்ணாம்பு அடியுங்கள், அந்த மூலை வைகாசி முடியும்வரை காத்திருக்கட்டும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், ஒரு சில இனங்கள் தவிர, நாட்டின் காட்டுப் பறவைகளைப் பாதுகாக்கிறது.

வேலியடியில் சோறும் பாணும்

குருவிக்கென்று வைக்கும் பழஞ்சோறும் பாண் துண்டும் முதலில் கூப்பிடுவது காகத்தை. காகம் தினமும் வந்தால் சுற்றிலும் உள்ள கூடுகளைக் கணக்கெடுத்துவிடும். உப்புப் போட்ட சோறு சின்னப் பறவைக்கு ஆகாது, பாணில் சத்தும் இல்லை.

சனிக்கிழமையும் அமாவாசையும் காகத்துக்குப் படைப்பதை விடச் சொல்லவில்லை. வேலிக்கு எதிர்ப்பக்கம், கூரைமேல் வையுங்கள். மிச்சம் கிடக்க விடாதீர்கள்.

கொண்டைக்குருவிக்கும் வெள்ளைக்கண்ணிக்கும் பழுத்த வாழைப்பழம் பாதி, அல்லது பப்பாசி ஒரு கீறு போதும். ஆணியில் குத்தி ஒன்றரை மீற்றர் உயரத்தில், பூனை பதுங்கும் புதரிலிருந்து மூன்று மீற்றர் தள்ளி வையுங்கள். மத்தியானத்தோடு எடுத்துவிடுங்கள், புளித்த பழம் நோய். சிட்டுக்குருவிக்கும் தினைக்குருவிக்கும் ஒரு பிடி குரக்கன் அல்லது நெல். தேன்சிட்டுக்குச் சீனித்தண்ணி வேண்டாம். செவ்வரத்தையும் சல்வியாவும் நட்டால் தானாக வரும்.

கூட்டைத் தினமும் படம் எடுப்பது

எடுக்காதீர்கள். நீங்கள் போவதைக் காகம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

தண்ணீர்ச் சட்டி

மாசி, பங்குனி வறட்சியில் சோற்றைவிடத் தண்ணீர்தான் பெரிய உதவி. தவறு ஆழத்தில் நடக்கிறது. வாளியும் உயர்ந்த சட்டியும் சின்னக் குருவிக்குக் கிணறு. ஓரத்தில் 2, நடுவில் 5 சென்ரிமீற்றருக்குமேல் ஆழம் வேண்டாம். வழுக்கும் பிளாஸ்டிக் தட்டைவிட மண்சட்டி மூடி நல்லது, இல்லாவிட்டால் நடுவே ஒரு கல் வையுங்கள்.

இரண்டாவது தவறு டெங்கு. நுளம்பு முட்டை பெரிய நுளம்பாக ஒரு வாரம் பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டி நிரப்பினால் மட்டும் போகாது, முட்டை தண்ணீர் மட்டத்துக்கு மேலே சட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தினமும் கொட்டி, மூன்று நாளுக்கொருமுறை தேங்காய்த் தும்பால் உள்சுவரைத் தேயுங்கள். சவர்க்காரம் வேண்டாம்.

கண்ணாடியோடு சண்டை

கூட்டுக்காலத்தில் குண்டுக்கரிச்சான் ஆட்டோக் கண்ணாடியையும் ஜன்னலையும் மணிக்கணக்காகக் கொத்தும். உள்ளே தெரிவதை எதிரி ஆண் என்று நினைக்கிறது. விரட்டினால் திரும்பி வரும். கண்ணாடியை ஒரு துணிப்பையால் மூடிவிடுங்கள், ஜன்னலின் வெளிப்பக்கம் பழைய பத்திரிகையை ஒட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஓய்ந்துவிடும். பறந்து வந்து மோதும் பெரிய ஜன்னல்களுக்கு வெளிப்பக்கம் ஐந்து சென்ரிமீற்றருக்கு ஒன்றாகச் சுண்ணாம்புப் பொட்டு வையுங்கள். உள்பக்கம் ஒட்டும் ஒற்றைப் படம் பலன் தராது.

கீழே நிற்கும் குஞ்சு

சிறகு முளைத்துத் தத்தினால் அது தொலைந்த குஞ்சல்ல, பழகும் குஞ்சு. பூனையை உள்ளே பூட்டுங்கள், குஞ்சைத் தொடாதீர்கள். தூவி இல்லாத குஞ்சு விழுந்திருந்தால் கூட்டிலேயே திருப்பி வையுங்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது பொய். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

மரக்கறிப் பாத்திக்கு மருந்து

தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் புழுவைத்தான் ஊட்டுகிறது. கோவாப் பாத்தியில் மருந்தடித்த மறுநாள் செத்துக்கொண்டிருக்கும் புழுவைப் பொறுக்கிப் போவது பக்கத்து வேலியின் தாய். கூடு இருக்கும் மாதங்களில் வீட்டுப் பாத்திப் புழுவைக் கையால் பொறுக்குங்கள். நத்தைக்குப் போடும் மருந்துக் குளிகை நத்தை தின்னும் செம்பகத்துக்கும் உங்கள் நாய்க்கும் நஞ்சு.

சித்திரையில் வந்து காஷ்மீர் ஈபிடிப்பானைத் தேடுவது

நுவரெலியா சீசனுக்கு வருகிறவர்கள் விக்டோரியா பூங்காவில் பூவுக்கும் கூட்டத்துக்கும் நடுவே இதைத் தேடி அலுத்துப் போகிறார்கள். காஷ்மீர்ப் பக்கத்து இமயமலைக் காடுகளில் கூடு கட்டி, குளிர்காலத்துக்கு நம் மலைக்கு வரும் பறவை அது. பங்குனி நடுப்பகுதியோடு ஒவ்வொன்றாகப் புறப்பட்டுவிடும். ஆணின் தொண்டையும் நெஞ்சும் செம்மஞ்சள், இரு பக்கமும் கறுப்புக்கரை. பார்க்க வேண்டுமானால் தை, மாசியில் காலையிலேயே போங்கள். வீட்டுப் பீலியடியில் வாலை ஆட்டித் திரிந்த சாம்பல் வாலாட்டியும் இதே காலத்தில்தான் காணாமற்போகும். சித்திரையில்தான் வர முடியும் என்றால் ஹக்கலைத் தாவரவியல் பூங்காவுக்குப் போய் மஞ்சட்காதுக் கொண்டைக்குருவியைப் பாருங்கள். இலங்கைக்கு மட்டுமே உரியது, வருடம் முழுக்க இருக்கும்.

கூட்டுப்பெட்டிக்குக் குச்சி வைப்பது

வாசலுக்குக் கீழே அழகுக்கு வைக்கும் அந்தக் குச்சி, உள்ளே இருக்கும் பறவைக்குத் தேவையில்லை. காகத்துக்கும் அணிலுக்கும் நிற்க இடம். கழற்றிவிடுங்கள்.

பட்டாணிக்குருவிக்கு வாசல் 28 முதல் 30 மில்லிமீற்றர், சிட்டுக்குருவிக்கு 32. பலகை 15 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. தகரப்பெட்டி பகலில் அடுப்பு, இரவில் பனிக்கட்டி. அடித்தளம் 12க்கு 12 சென்ரிமீற்றர், அதிலிருந்து வாசலுக்கு 15 சென்ரிமீற்றர் உயரம். அடியில் நான்கு ஓட்டை. உள்ளே வார்னிஷ், பெயின்ற் எதுவும் வேண்டாம். கிழக்கோ வடக்கோ பார்க்க, இரண்டு மூன்று மீற்றர் உயரத்தில், தை முடிவதற்குள் மாட்டிவிடுங்கள். பங்குனியில் மாட்டினால் பெரும்பாலும் அந்த வருடம் காலியாகவே தொங்கும். குஞ்சு பறந்து ஒரு வாரம் பொறுத்துப் பழைய கூட்டை வெளியே எடுத்து, கொதிதண்ணி ஊற்றி, வெயிலில் நன்றாகக் காயவைத்து அதே இடத்தில் திருப்பி மாட்டுங்கள். பட்டாணிக்குருவி அதே வருடத்தில் இரண்டாவது தடவையும் கூடு வைப்பதுண்டு.